தேரில் நின்ற வில், கூடத்தில் நிற்கும் வில்

பெரம்பலூருக்கு வடமேற்கே, பச்சைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். வேப்பந்தட்டை வட்டத்துப் பேரூராட்சி. இங்கும் பக்கத்துத் தழுதாழையிலும் மரச்சிற்பம் செய்கிற குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பலருக்கு வீட்டு முன்கட்டுதான் பட்டறை. பாதி செதுக்கிய பிள்ளையாரும் நடராசரும் கண்ணனும் யாளியும் அங்கே சுவரோரம் நிற்கும். அவற்றுக்கு நடுவில் கோதண்டராமர் ஒருவர் இருந்தால், வேலை தெரிந்தவரின் பார்வை முதலில் அவர் கை வில்லுக்குத்தான் போகும்.

முகத்தின் அமைதியையும் இடுப்பின் வளைவையும் பழகிய கை கொண்டுவந்துவிடும். வில்லுக்குப் பழக்கம் மட்டும் போதாது. உடம்பைவிட்டு விலகி, பிடிமானம் இல்லாமல் நிற்கிற மெல்லிய வளைவு அது. ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் குடைந்து எடுப்பது மரபான அரும்பாவூர் வேலையின் தனித்தன்மை. ஆகவே உருவம் எந்தக் கட்டையோ, வில்லும் அதே கட்டை. மரத்தின் ரேகை மேலும் கீழுமாக ஓடும். வில்லின் நடுப்பகுதி ரேகையோடு போவதால் உறுதியாக இருக்கும். நுனிகள் வளைந்து ரேகையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் ஆபத்து. உளி கொஞ்சம் அழுந்தினாலும் நுனி தெறித்துவிடும். அதனால் வில்லுக்கும் தோளுக்கும் இடையில் தாங்கலாகக் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்து, மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் அதை மெல்ல எடுப்பதே பத்திரமான வழி. முறியாத வில்லோடு நிற்கிற ஓர் உருவம், செய்தவரின் பொறுமைக்குச் சாட்சி.

போரில் ஏந்திய வில் இந்த மண்ணில் இப்படி நிலைக்கவில்லை. இராசேந்திர சோழன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவன் தந்தை இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் வில்லிகள் என்று பெயர் கொண்ட படைப்பிரிவுகள் வருகின்றன. பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அவர்கள் ஏந்திய விற்களோ மழைக்கும் கரையானுக்கும் போய்விட்டன. மரம் தானாக நிலைக்க வேண்டுமானால் கல்லாக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் உலகுக்கு அறிவித்த 18 மீட்டர் நீள மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லானது. கல்லாகாத மரம் நிலைக்க வேண்டுமானால் மனிதர்கள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்ட மரம் கோயில் தேர். நம்மிடம் மிஞ்சியிருக்கும் பழைய மரவில், பெரும்பாலும் தேர்ச் சிற்பத்தில் செதுக்கிய வில்தான்.

தேரில் வில்லேந்தியவர்களுக்குக் குறைவில்லை. மேருவை வில்லாக வளைத்துத் தேரேறி முப்புரம் எரித்தவர் என்பதால், சிவன் கோயில் தேரில் திரிபுராந்தகருக்குத் தனி மதிப்பு. பெருமாள் கோயில் தேரில் இராமனும் இலக்குவனும் நிற்பார்கள். கரும்பு வில்லோடு மன்மதனும் அருகில் ரதியும் பல தேர்களில் இருப்பார்கள். இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவை தேருக்கு ஆகிவந்த மரங்கள். வடம் பிடிக்கும்போது வருகிற அதிர்ச்சியை அவை தாங்கும். வெயிலில் எளிதில் வெடிக்காது. சிற்பம் கீழிருந்து பார்ப்பவருக்காகச் செதுக்கப்பட்டது. ஆகவே உருவங்கள் சற்று முன்சாய்ந்திருக்கும். வெட்டு ஆழமாக இருக்கும். வில், பலகையின் தளத்தைவிட்டு அதிகம் விலகாது.

அன்று அந்தச் சிற்பத்துக்குத் தனியாக ஒரு விலை இருந்ததில்லை. கணக்கு தேர் முழுமைக்கும்தான்; பலகை அதில் ஓர் உறுப்பு. ஆண்டில் ஓரிரு நாள் வீதிக்கு வரும், மற்ற நாளெல்லாம் கீற்றுக் கொட்டகைக்குள் நிற்கும். உளுத்துப்போன பலகையைக் கழற்றிவிட்டு, அதே அளவில் புதிதாகச் செய்து பூட்டுவார்கள். கழற்றிய பலகை பிராகாரத்தின் ஒரு மூலையில் கிடக்கும். அதைப் பொருளாகப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. செய்தவர் தம் பெயரை அதில் வெட்டவும் இல்லை. ஆனாலும் அவருடைய கையை ஊர் அறிந்திருந்தது. இந்தத் தேர் யார் வேலை, எந்தப் பலகை அப்பன் செய்தது, எது மகன் செய்தது என்று சொல்லக்கூடியவர்கள் தேரடியில் இருந்தார்கள். எழுத்தில் இல்லாத பெயர், பார்வையில் இருந்தது.

இன்று அரும்பாவூரில் பிறக்கும் உருவங்களில் பெரும்பாலானவை தேரைப் பார்ப்பதில்லை. அவை வீட்டு நிலைக்கதவுக்குப் போகின்றன. பூஜை அறைக்கும் ஓட்டல் வரவேற்பறைக்கும் திருமண மண்டபத்துக்கும் போகின்றன. பணி ஓய்வு விழாவில் நினைவுப் பரிசாகின்றன. 1973ல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் ‘பூம்புகார்’ விற்பனை நிலையங்கள், கிராமத்துச் சிற்பத்தை நகரத்து வீட்டின் கூடத்துக்குக் கொண்டுபோகும் வழியைத் திறந்தன. ஒரு கோயில் தேர் செய்து முடிந்தால் அடுத்த தேர் வேலை வரும்வரை காத்திருந்த நாட்கள் மாறின. மழைக்காலம் தவிர ஆண்டு முழுவதும் ஏதாவது வேலை கையில் இருக்கிறது. அரை அடி யானையும் விற்கிறது. ஆளுயர நடராசருக்கும் ஆர்டர் வருகிறது. கோயிலின் வரவு செலவை மட்டும் நம்பியிருந்த ஒரு தொழில் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது. இது சின்ன மாற்றம் இல்லை.

மரமும் மாறியது. தேருக்கு இலுப்பையும் வேங்கையும் என்றால், வீட்டுச் சிற்பத்துக்கு வாகை, மா, வேம்பு, மாவிலங்கை, ஒதியன் போன்ற மரங்கள். ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பது பழமொழி. பாரம் தாங்காத அந்த மரத்துக்கும் சிற்பியின் கையில் ஒரு பயன் கிடைத்தது. பாரம் தாங்க வேண்டாத, மழையில் நனைய வேண்டாத, கூடத்தில் நிற்கும் உருவத்துக்கு உளி இலகுவாக இறங்கும் மரமே போதும். வாகையின் வைரப்பகுதி கரும்பழுப்பு, வெளிப்பகுதி வெளிறிய மஞ்சள். இரண்டு நிறமும் ஒரே உருவத்தில் வருமாறு கட்டையைத் திருப்பிவைத்துச் செதுக்குவதில் ஓர் அழகு உண்டு. ஆனால் வாகையில் வில் செதுக்கினால் நுனி வைரத்துக்குள் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்பகுதியான வெளிறு பூச்சிக்கு முதலில் இரையாகும்.

அன்று வசதியுள்ளவர் விரும்பிக் கேட்ட ஈட்டி மரம் இன்று எளிதில் கைக்கு வருவதில்லை. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1994ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. 2017 சனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் போனது. அன்று ஈட்டிச் சிற்பம் கடல்கடந்து போகக் கப்பல் கூலி போதும். இன்று மரம் எங்கே, எப்படிக் கிடைத்தது என்பதற்கான சான்றும் கூடவே போக வேண்டும். செதுக்குபவருக்கு இது தொல்லை. காட்டுக்கு இது காப்பு. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கருவிகளிலும் இரண்டு காலங்கள் ஒரே கொட்டகைக்குள் இருக்கின்றன. அன்று கட்டையைப் பிளக்கக் கோடரி, உருட்டி எடுக்க வாச்சி, பிறகு பட்டை உளி முதல் நகக்கண் அளவு நுனி உளி வரை வரிசையாக உளிகள், அடிக்கக் கொட்டாப்புளி. கழிவு மரத்தை நீக்குவதற்கே பல நாட்கள் போகும். இன்று மின்ரம்பம் அந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. தோள்வலி குறைந்தது, வயதானவரும் இன்னும் சில ஆண்டுகள் தொழிலில் இருக்க முடிகிறது. அதோடு, அந்தப் பல நாட்களில் கட்டையைப் பற்றி அறிந்துகொண்டவையும் குறைந்தன. எங்கே முடிச்சு, எங்கே ரேகை திரும்புகிறது, எந்தப் பக்கம் உளியை ஏற்கும், எந்தப் பக்கம் எதிர்க்கும் என்பதை வாச்சி ஒவ்வொரு கொத்திலும் சொன்னது. ரம்பத்தின் இரைச்சலில் அது கேட்பதில்லை. வில் முறிகிற இடம் பெரும்பாலும் அந்தக் கேட்காமல்போன இடம்தான்.

இன்னொரு படி மேலே போய், கணினியில் வரைந்த உருவத்தைத் தானாகவே குடைந்து தருகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. கதவுப் பலகையில் தசாவதாரம் வேண்டுமென்றால், கை ஒரு மாதம் செய்வதை அது ஒன்றிரண்டு நாளில் முடிக்கும். விலையும் குறைவு. எல்லா வீட்டுக் கதவிலும் ஒரே இராமன், ஒரே வில், ஒரே வளைவு. புடைப்புச் சிற்பம்வரை அந்த இயந்திரம் சமாளிக்கிறது. உடம்பைவிட்டு விலகி நிற்கிற வில்லையும், அதன் பின்னால் மறைந்திருக்கும் கையின் விரல்களையும் ஒரே கட்டையில் எடுப்பது கையால்தான் வாய்க்கிறது. அரும்பாவூருக்கு இன்னும் மிச்சமிருக்கும் பலம் அந்த இடைவெளிதான்.

அளவுகளின் கதையும் இதுவே. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். எந்த உயரத்தில் செய்தாலும் இந்த விகிதம் மாறாது. அன்று பையன் இதைத் தாத்தாவிடம் கணக்காகக் கற்றான், கட்டையில் கோடு போட்டுப் பழகினான். இன்று வாங்குபவர் கைபேசியில் ஒரு படத்தை அனுப்பி, இதுபோல் வேண்டும் என்கிறார். படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். மற்ற மூன்று பக்கத்தையும் சிற்பி தன் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு தெரிந்தவர் இருக்கும்வரை இது நடக்கும். கற்பதற்கு ஆண்டுகள் ஆகும் கணக்கை, கற்கும் நாட்களில் கூலி தராத கணக்கை, எத்தனை பிள்ளைகள் கற்க முடியும்? சிற்பியின் மகன் பொறியியல் படிக்கிறான். மகள் வங்கித் தேர்வு எழுதுகிறாள். பிறந்த வீட்டின் தொழிலிலேயே கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது நல்லதுதான். அந்த நன்மைக்குக் கைவேலை தன் பங்கைக் கொடுத்திருக்கிறது.

இனி, சேகரிப்பவர் பக்கம். ஒரு காலத்தில் மூலையில் கிடந்த தேர்ப்பலகை இன்று தேடப்படும் பொருள். தமிழ்நாட்டுத் தேர்ச் சிற்பங்கள் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரத்தூணும் போதிகையும் செதுக்கிய பலகையும் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். பலகையைக் காப்பாற்றியதில் சேகரிப்பாளருக்குப் பங்கு உண்டு. வாங்க ஆள் இருந்ததால் தேரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதும் உண்டு. 1972ல் இயற்றப்பட்டு 1976ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடைவிதித்தது. விற்பதற்கு உரிமம் வேண்டும் என்றது. தமிழ்நாடு காவல்துறையில் 1983ல் சிலைத் திருட்டுத் தடுப்புக்கென்று தனிப்பிரிவு வந்தது. அன்று யாரும் காவல் காக்காத பலகைக்கு இன்று சட்டமே காவல்.

பழைய பலகையை மதிப்பிடத் தெரிந்தவர் சிலவற்றைப் பார்ப்பார். முதலில் முதுகு. முன்பக்கம் எத்தனை தேய்ந்திருந்தாலும், பின்பக்கத்தில் வாச்சியின் கொத்து அடையாளம் இருக்க வேண்டும்; ரம்பத்தின் சீரான கோடுகள் இருந்தால் சந்தேகம். அடுத்து, தேர்ச் சட்டத்தில் பூட்டிய நாக்கும் துளையும், பழைய இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்த வட்டமும். பிறகு தேய்மானம்: மழைச்சாரல் படும் மேல்முகம் அதிகம் தேய்ந்து, மறைந்த அடிப்பகுதி கூர்மையாக இருப்பது இயல்பு. எல்லா இடமும் ஒரேபோல் தேய்ந்திருந்தால், அது காலத்தின் வேலையாக இருக்காது. புதுப்பலகைக்குச் சாயமும் புகையும் ஏற்றிப் பழசாக்குவது சந்தையில் நடக்கிறது. கடைசியாக வில். முந்நூறு ஆண்டுப் பலகையில் வில்லின் நுனிகள் அப்பழுக்கில்லாமல் இருந்தால் மகிழ்வதற்கு முன் உற்றுப்பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பின்னால் ஒட்டியதாக இருக்கும். ரேகை அந்த இடத்தில் தொடராது. முறிந்த வில்லோடு கிடைக்கும் பலகை, ஒட்டிய வில்லோடு கிடைப்பதைவிட மதிப்புள்ளது என்பதை விலை கொடுத்துத்தான் பலரும் கற்றிருக்கிறார்கள்.

புதிய சிற்பத்தின் மதிப்புக்கும் இப்போது ஆவணங்கள் வந்துவிட்டன. 2018 சூலையில், கல், பளிங்கு, மரம் ஆகியவற்றால் ஆன தெய்வ உருவங்களுக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று முடிவானது. ஒரே கை ஒரே கட்டையிலிருந்து எடுத்த இராமனுக்கு வரி இல்லை, யானைக்கு உண்டு. 2020 மே மாதம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும், அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரின் பெயர் தாங்கிய கலம்காரி ஓவியத்துக்கும் கிடைத்தது.

கருப்பூரை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்து, 2007ல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெறும்வரை, இரண்டும் பெரும்பாலும் ஒரே மாவட்டம். பெரம்பலூர்ப் பக்கம் மரத்தில் உருவம் செய்தது. அரியலூர்ப் பக்கம் துணியில் உருவம் எழுதியது. தேரோட்ட நாளில் மரச்சிற்பத்துக்கு மேலே, தேரின் தட்டைச் சுற்றித் தொங்கும் துணித் தொம்பைகளில் கலம்காரி எழுத்து இருக்கும். தேர் என்ற ஒன்றில் இரண்டும் சேர்ந்து நின்றன. இன்று மரச்சிற்பம் ஒரு வீட்டின் கூடத்திலும், கலம்காரி இன்னொரு வீட்டின் சுவரில் சட்டமிட்ட கண்ணாடிக்குள்ளும் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் நுணுக்கமும் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. சேர்ந்து நின்றபோது அவை எதற்காக இருந்தன என்பது மறந்துபோகிறது.

குறியீடு ஊரின் பெயரைக் காத்தது. வேறெங்கோ செய்ததை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்பதற்கு இனிச் சட்டம் இடம் தராது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் அந்தக் காப்பு நீளும். ஆனால் ஊரில் செய்த எல்லாம் ஒரே தரம் என்று குறியீடு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இரண்டு கோதண்டராமர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், இருவருக்கும் ஒரே ஊர், ஒரே உயரம். ஒருவர் கையில் வில் ஒரே கட்டையில் உடம்போடு பிறந்தது. இன்னொருவர் கையில் அது தனியாகச் செய்து செருகியது. முதலாவதற்கு இன்னும் சில நாள் உழைப்பு அதிகம், முறிந்துபோனால் முழு உருவமும் வீண் என்ற துணிச்சலும் அதிகம். அந்த வித்தியாசத்துக்கு வாங்குபவர் விலை தரவில்லையென்றால், செய்பவர் ஏன் அந்தத் துணிச்சலை எடுக்க வேண்டும்? கைவேலை தேய்வதற்கு இயந்திரம் ஒரு காரணம். வித்தியாசம் தெரியாத கண்ணும் அதே அளவுக்குக் காரணம்.

அன்று சிற்பியின் பெயர் எழுதப்படவில்லை, ஆனால் அவர் கையை ஊர் அடையாளம் கண்டது. இன்று ஊரின் பெயர் சட்டத்தில் பதிவாகிவிட்டது, ஆனால் கையை அடையாளம் காண்பவர்கள் குறைந்து வருகிறார்கள். இந்த இழப்பை ஈடுகட்ட வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரும்பாவூருக்கே போய், உருவத்தைத் திருப்பிப் பார்த்து, வில்லின் ரேகை உடம்பின் ரேகையோடு தொடர்கிறதா என்று கவனித்து வாங்கலாம். வாங்கும்போதே, அடிப்பீடத்தில் சிற்பியின் பெயர், மரத்தின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் வெட்டித் தரச் சொல்லலாம். 2020ல் செதுக்கிய சிற்பம் 2120ல் சட்டப்படி தொல்பொருளாகும். தேர்ப்பலகை செய்தவரின் பெயரை நம்மால் இனி மீட்க முடியாது. இன்று செதுக்குகிறவரின் பெயரைத் தொலைக்காமல் இருப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதற்குக் கூடுதலாக ஆகப்போவது உளிக்கு அரைமணி நேர வேலை.